எல்லாரும் மேலே வந்தாச்சா

பூனா,
3 ஆகஸ்ட் 2024

வின்னிக்கு,

ஸ்தோத்திரம். வேறு வாழ்த்து எழுத மனசு வரவில்லை. நான் நலம். நீங்கள் இருவரும் நலமா என்று போனில் கேட்கலாம் என்றால், நீதான் என் நம்பரை பிளாக் செய்துவிட்டாயே. போன மாதம் நான் நாலு வார்த்தை சத்தமாகப் பேசியதற்கு எனக்கு இந்தத் தண்டனை. பரவாயில்லை. அப்பாவுக்குக் காது போனதிலிருந்து நம் வீட்டில் கடிதப் பழக்கம் இருக்கிறது. அவருக்கு எழுதும் கவரிலேயே உன்னுடையதையும் மடித்து வைக்கிறேன். தபால்காரரை பிளாக் செய்ய உன் போனில் வழி கிடையாது.

லவினா ஆன்ட்டி எல்லாம் சொன்னார். நம் லைன் வீடுகளில் கடைசி வீட்டில் இருந்தாலும் அவருக்குத்தான் நம் வீட்டு வாசல் நன்றாகத் தெரிகிறது. காலேஜில் ஏதோ ஃபிட்னஸ் கிளப்பாம். விடிவதற்கு முன்னால் நாலைந்து பேர் வாசலில் வந்து நின்று, "வின்னி, வின்னி" என்று லைனே எழுந்துகொள்கிற மாதிரி கூப்பிடுகிறார்களாம். அதில் பையன்களும் உண்டாம். நீ அரை டிரவுசர் போட்டுக்கொண்டு அவர்களோடு மைன்ஸ் கழிவு கொட்டிய சயனைடு மேட்டைச் சுற்றி ஓடுகிறாயாம். உடம்பைக் குறைக்க வேண்டுமென்றால் சோற்றைக் குறை. அதற்கு ஒரு கிளப் எதற்கு, ஒரு கும்பல் எதற்கு? மூன்று வருஷம் முடிந்தால் அவரவர் காலை வண்டி ஏறி பெங்களூருக்குப் போய்விடுவார்கள். அப்போது உன் பேரைக்கூட எவரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள்.

ஒன்று தெரிந்துகொள். கிறிஸ்துமஸ் முடிந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டு அப்பாவை இங்கே கூட்டி வரப்போகிறேன். உனக்கும் இங்கேதான் படிப்பு. நான் முடிவு செய்துவிட்டேன். அதுவரை ஒழுங்காக இரு.

அப்பாவுக்கு சுகர் மாத்திரை வேளைக்குக் கொடு. நீயும் சாப்பிடு, குறைவாக.

ஸ்வீட்டி

*

ஊரிகம்,
19 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

'அன்புள்ள' என்பது பழக்க தோஷத்தில் வந்துவிட்டது. அடிக்கவில்லை, பேப்பர் அசிங்கமாகும். அப்பா நலம். நான் நலம். இதை நான் தனியாக போஸ்ட் செய்கிறேன், ஏனென்றால் இதில் இருப்பதை அப்பா படிக்க வேண்டாம்.

என் உடம்பைப் பற்றி நீ எழுதியது எனக்குப் புதிதில்லை. காலேஜில் முதல் வருஷம் முழுக்க என் பேர் 'ஸ்கிப்'. தங்கச் சுரங்கத்திலிருந்து கல் ஏற்றி மேலே வரும் பெட்டி. மைன்ஸில் வேலை பார்த்த அப்பாவின் மகள் என்பதற்காக வைத்த பேர் என்று நினைக்காதே, இந்த உடம்புக்காக. வகுப்பில் என் பக்கத்துச் சீட் காலியாகவே இருக்கும். நான் மதியச் சாப்பாட்டை லைப்ரரிக்குப் பின்னால் உட்கார்ந்து தனியாகத்தான் சாப்பிட்டேன். உனக்குச் சொன்னேனா? சொல்லவில்லை. நீ கேட்டாயா? மார்க் மட்டும் கேட்டாய்.

இந்த வருஷம் காலேஜ் டே அன்று தண்ணீர் கேன் தூக்க ஆள் வரவில்லை. நான் கைக்கு ஒன்றாக இரண்டு கேனைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். படியில் பவ்யா நின்றிருந்தாள். கடைசி வருஷம் படிக்கிறாள், நந்திதுர்க்கில் வீடு. சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். "இன்னா பலம்டி உனுக்கு! நாளைக்கு காலைல கிளப்புக்கு வா, நான் சொல்றேன்" என்றாள். இந்த உடம்பைப் பார்த்து பலம் என்று சொன்ன முதல் ஆள் அவள்தான். என்னைப் பெற்றவர்களும் சொன்னதில்லை, கூடப் பிறந்த நீயும் சொன்னதில்லை.

இப்போது எட்டுப் பேர் இருக்கிறோம். நம் ஊர் மைசூர் மைன்ஸ் பகுதியில் மூடிக்கிடந்த ஒரு பழைய கிளப்பிலிருந்து துருப்பிடித்த வெயிட்டுகளைக் கேட்டு வாங்கி வந்து, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தவன் கிரண். ஒரு நாள் நான் போகாவிட்டால் வாசலுக்கு வந்து கூப்பிடுகிறார்கள். ஆமாம், பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். லவினா ஆன்ட்டிக்குத் தூக்கம் கெட்டால் கெடட்டும்.

நான் பூனாவுக்கு வரமாட்டேன். வீட்டைப் பூட்டவும் விடமாட்டேன்.

உன் வீட்டுக்காரருக்கு என் ஸ்தோத்திரம் சொல். டென்சில் மாமா எங்களிடம் பேசி ரொம்ப நாளாகிறது. நலம்தானே?

வின்னி

*

பூனா,
2 செப்டம்பர் 2024

வின்னிக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. எனக்கு இரண்டு நாளாக ஜுரம், இருந்தும் டியூட்டிக்குப் போனேன். வார்டில் எனக்கு பதில் நிற்க ஆள் கிடையாது.

பெரிய பிரசங்கம் செய்திருக்கிறாய். தனியாகச் சாப்பிட்டாளாம். உலகத்தில் முக்கால்வாசிப் பேர் தனியாகத்தான் சாப்பிடுகிறார்கள். அதற்காக எவரும் செத்துவிடவில்லை. நீ இப்போது எட்டுப் பேர் என்று குதிக்கிறாய். நீ கீழே விழுந்தால் அந்த எட்டுப் பேரில் ஒருத்தராவது வருகிறார்களா பார்.

எனக்கு உன்னோடு வாதம் செய்ய நேரம் இல்லை. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். போன வாரம் உங்கள் பிரின்சிபாலுக்கு போன் போட்டேன். விடியற்காலையில் பெண்களும் பையன்களும் வாத்தியார் எவரும் இல்லாமல் கதவை உள்ளே பூட்டிக்கொண்டு இருக்கிறார்கள், என் தங்கைக்கு ஏதாவது ஆனால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்றேன். மனிதர் நடுங்கிவிட்டார்.

கோபம் வரும். வரட்டும். ஒரு நாள் எனக்கு நன்றி சொல்வாய். இனி காலையில் எழுந்து பாடம் படி.

அப்பாவின் காலில் புண் எதுவும் இல்லையே? விரல் இடுக்கில் பார்.

ஸ்வீட்டி

*

ஊரிகம்,
20 செப்டம்பர் 2024

ஸ்வீட்டி எட்மண்ட் அவர்களுக்கு,

அப்பாவின் காலில் புண் இல்லை. மற்ற நலமெல்லாம் நீ கெடுத்த பிறகு விசாரிக்கிறாய்.

காலேஜில் நாங்கள் வெயிட் தூக்கும் ரூம் கதவுக்கு உள்தாழ்ப்பாளே கிடையாது. எத்தனையோ வருஷம் முன்னாலேயே அது கழன்று விழுந்துவிட்டது. நீ பார்க்காத கதவைப் பற்றி, நடக்காத ஒன்றை, வாய் கூசாமல் சொல்லியிருக்கிறாய். பிரின்சிபால் எங்களை ஆபீஸுக்குக் கூப்பிட்டு வரிசையாக நிற்க வைத்தார். பவ்யாவின் அம்மாவை வரச்சொன்னார். அந்த அம்மா காலை ஷிப்ட் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, என் பொண்ணு அப்படிப்பட்டவள் இல்லை சார் என்று எல்லார் முன்னாலும் அழுதது. பவ்யா தரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். புகார் கொடுத்தது யார் என்று கிரண் கேட்டான். "வின்னியோட அக்கா" என்றார் பிரின்சிபால்.

எனக்கு உயிரே போய்விட்டது அக்கா. வெளியே வந்ததும் நான் தனியாகக் கேட்டைப் பார்த்து நடந்தேன். மறுபடி லைப்ரரிக்குப் பின்னால்தான் என்று நினைத்துக்கொண்டேன். கிரண் பின்னாலேயே ஓடி வந்தான். "உங்க அக்கா பண்ணதுக்கு நீ இன்னா பண்ணுவே? சாயங்காலத்துக்குள்ள வெயிட்ட எடுக்கணுமாம். எங்க வைக்கிறது, அத சொல்லு" என்றான்.

வைக்க இடம் கண்டுபிடித்துவிட்டோம். எங்கே என்று உனக்குச் சொல்லமாட்டேன். சொன்னால் அங்கேயும் போன் போடுவாய்.

பவ்யாவின் அம்மா அழுததை நான் மறக்கப்போவதில்லை. நீயும் மறக்காதே.

டென்சில் மாமாவுக்கு மட்டும் ஸ்தோத்திரம். அவரைப் பற்றிக் கேட்டேன், நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

வின்னி

*

பூனா,
28 அக்டோபர் 2024

வின்னிக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதத்துக்குப் பதில் எழுதக்கூடாது என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். நேற்று லவினா ஆன்ட்டி போன் செய்த பிறகு கை சும்மா இருக்கவில்லை.

அப்பா விடியற்காலையில் பனியனோடு, வெறுங்காலோடு, லைனுக்குப் பின்னால் சுரங்கத்துக்குள் இறங்கும் பழைய ஷாப்டின் கேட்டில் போய் நிற்கிறாராமே. ஒரு தடவை இல்லையாம், மூன்று தடவையாம். வாட்ச்மேன் ராஜப்பா அதட்டியும் நகரவில்லையாம். மைன்ஸ் மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. உள்ளே தண்ணீர் நிரம்பிக் கிடக்கிறது. அங்கே போய் யாரைத் தேடுகிறார்? இதையெல்லாம் எனக்கு நீ சொல்லவில்லை, தெருவில் போகிறவர்கள் சொல்கிறார்கள்.

எனக்கு இது புதிதில்லை. என் வார்டில் தினமும் பார்க்கிறேன். முதலில் பழைய வேலைக்குக் கிளம்புவார்கள். அப்புறம் வீட்டுக்கு வழி மறந்து போகும். அப்பாவுக்கு புத்தி தடுமாற ஆரம்பித்துவிட்டது. நீ எங்கே இருந்தாய்? சுகர் உள்ள மனுஷன் வெறுங்காலோடு கல்லிலும் முள்ளிலும் போகும்போது நீ எந்த மேட்டில் ஓடிக்கொண்டிருந்தாய்?

டிசம்பர் 22-ஆம் தேதிக்கு எனக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். திரும்பி வரும்போது அப்பா என்னோடு வருகிறார். நீ வந்தாலும் சரி, வராமல் தெருவில் நின்றாலும் சரி. அதுவரைக்கும் கதவுக்கு உள்ளே பூட்டுப் போடு. சாவியை உன் தலையணைக்குக் கீழே வை.

ஸ்வீட்டி

*

ஊரிகம்,
9 நவம்பர் 2024

அக்காவுக்கு,

அப்பா நலம். காலைக் கழுவிப் பார்த்தேன். ஒரு சின்னக் கீறல் இருந்தது, ஆறிவிட்டது. அப்பாவை உள்ளே வைத்துப் பூட்டு என்று என்னிடம் இனி ஒருபோதும் எழுதாதே.

அவருக்குப் புத்தி தடுமாறவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

வெயிட்டுகளை நாங்கள் கொண்டு வைத்த இடம் பக்கத்து வீடுதான். வால்டர் அங்கிள் மகனோடு பெங்களூருக்குப் போனபோது சாவியை அப்பாவிடம் விட்டுப்போனார் இல்லையா, அந்த வீடு. போனில் கேட்டேன், பூட்டிக்கிடந்தால் கரையான்தான் அரிக்கும், எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அந்த வீட்டுக்கும் நமக்கும் நடுவில் ஒரே சுவர், அடியில் ஒரே தரை. கம்பியைத் தூக்கி முடித்துக் கீழே விட்டால் தொம் என்று விழும். நம் அலமாரித் தட்டுகள் ஆடும். அப்பாவுக்குத்தான் காது கேட்காதே என்று நினைத்தேன். முப்பது வருஷம் சுரங்கப் பாறையில் துளை போடும் மெஷின் பிடித்த மனுஷனுக்குக் காது போனாலும் கால் கேட்கும் என்பதை யோசிக்கவில்லை.

பாதத்துக்குக் கீழே தரை அதிர்ந்து, தட்டு ஆடினால், அவருக்கு அது ஒன்றுதான். ஏர் பிளாஸ்ட். பூமிக்கடியில் எங்கேயோ பாறை வெடித்துவிட்டது. உள்ளே ஆள் இருக்கிறது.

முதல் இரண்டு தடவை அவர் போனது எனக்குத் தெரியாது. நான் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தேன். ராஜப்பா ஒரு நாள் சொன்னபோதுகூட, வாக்கிங் போயிருப்பார் என்று விட்டுவிட்டேன். மூன்றாவது தடவை கம்பியைக் கீழே போட்டது நான். அன்றுதான் முதல் தடவையாக நூறு கிலோ தூக்கினேன். எல்லாரும் கத்தினார்கள், பவ்யா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலே ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், அப்பா பனியனோடு போய்க்கொண்டிருக்கிறார்.

எட்டுப் பேரும் ஓடினோம். நீ கேட்டாயே, ஒருத்தராவது வருவார்களா என்று. ஒருத்தர் பாக்கியில்லாமல் வந்தார்கள். அப்பா கேட்டின் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி நின்றார். நான் தொட்டதும் திரும்பினார். என்னை விட்டுவிட்டு எனக்குப் பின்னால் வேர்வையோடு நின்றவர்களைத்தான் பார்த்தார். "எல்லாரும் மேல வந்தாச்சா?" என்று கேட்டார். பவ்யாவுக்கு மைன்ஸ் பற்றி ஒரு எழவும் தெரியாது. ஆனாலும் அவர் முகத்துக்கு நேராக வந்து, தன் உதட்டை அவர் படிக்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்: "எல்லாரும் வந்துட்டோம் அங்கிள். யாரும் உள்ள இல்ல." அப்பா தலையை ஆட்டினார். கிரண் தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்தான். போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

இது உன் வேலை. நீ அந்த போன் போடாமல் இருந்தால் வெயிட் காலேஜிலேயே இருந்திருக்கும். ஆனால் சுவருக்குப் பக்கத்தில் கொண்டு வந்து போட்டது நான். உன்னைத் திட்டுகிற ஒவ்வொரு வார்த்தையும் பாதி என் மேலேயும் விழுகிறது. அதனால் இன்னும் ஆத்திரமாக வருகிறது.

போன வாரம் எல்லாவற்றையும் எடுத்து கிரண் வீட்டுக் கொல்லையில் போட்டுவிட்டோம். வேறு இடம் இல்லை. கிளப் முடிந்தது. இந்த வாரம் எவரும் வாசலில் வந்து கூப்பிடவில்லை. உனக்குச் சந்தோஷம்தானே?

டென்சில் மாமா நலமா? இது மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன்.

வின்னி

*

பூனா,
18 நவம்பர் 2024

வின்னிக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதத்தைப் படித்தேன். கிளப் முடிந்ததில் எனக்குச் சந்தோஷம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. போகட்டும். முடிந்தது முடிந்துவிட்டது, இனி ஆக வேண்டியதைப் பார்.

புத்தி தடுமாறவில்லை என்று நீ சொன்னால் ஆயிற்றா? டாக்டர் சொல்ல வேண்டும். இங்கே எங்கள் ஆஸ்பத்திரியிலேயே காட்டுகிறேன். கனமான சாமான்களை விற்றுவிடு. அப்பாவின் கட்டில் வேண்டாம், இங்கே கட்டில் சும்மா கிடக்கிறது. ஒரு ரூம் பூட்டியேதான் இருக்கிறது. மூன்று பேருக்கு இந்த வீடு தாராளம். நான் டியூட்டி முடிந்து வரும்போது உள்ளே லைட் எரிந்தால் போதும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

அம்மாவின் போட்டோவை மறக்காமல் எடுத்து வை. அப்பாவின் பூட்ஸையெல்லாம் தூக்கி வராதே.

ஸ்வீட்டி

*

ஊரிகம்,
27 நவம்பர் 2024

என் அன்பு மகள் ஸ்வீட்டிக்கு அப்பா எட்மண்ட் எழுதுவது.

கர்த்தர் கிருபையால் இங்கே நான் சுகம். சுகர் அப்படியேதான் இருக்கிறது, ஏறவில்லை. உன் சுகம் எப்படி என்று நான் கேட்கவில்லை. கீழே கேட்கிறேன்.

என் பேருக்கு வருகிற கவரில் இருப்பதை நான் படிக்காமல் அவளிடம் கொடுப்பேன் என்று உனக்கு யார் சொன்னது? ஆகஸ்டிலிருந்து நீ எழுதியது எல்லாம் படித்துவிட்டுத்தான் கொடுத்தேன். எனக்குப் புத்தி தடுமாறுகிறது என்பதையும், என்னை உள்ளே வைத்துப் பூட்டச் சொன்னதையும் படித்தேன். நல்ல மகள்.

நான் ஷாப்டுக்குப் போனது பைத்தியம் பிடித்து அல்ல. மைன்ஸ் மூடினது எனக்குத் தெரியாதா? மூடின அன்றைக்கு ஆளை ஏற்றி இறக்கும் கேஜில் கடைசியாக மேலே வந்தவர்களில் நானும் ஒருத்தன். ஆனால் தரை ஆடினால், வீட்டில் இருக்கிறவன் எழுந்து போய் ஷாப்ட் வாசலில் நிற்க வேண்டும். உள்ளே போனவர்கள் எல்லாரும் மேலே வரும்வரை நகரக்கூடாது. சொந்தக்காரன், சண்டைக்காரன் என்று பார்க்கக்கூடாது. இங்கே பிறந்தவனுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கால் யோசிப்பதற்கு முன்னால் போய்விட்டது. கேட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் புத்தி வந்தது. வந்தவன் வந்துவிட்டேன், நிற்போம் என்று நின்றேன். முதல் இரண்டு தடவை ராஜப்பா அதட்டியதோடு சரி. மூன்றாம் தடவை பிள்ளைகள் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். ஒருத்தர் இரண்டு பேர் இல்லை, எல்லாரும். என்னைத் தேடிக்கொண்டு இப்படி ஆள் வந்து எத்தனை காலம் ஆயிற்று.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது நான் ஒரு தடவை உள்ளே மாட்டிக்கொண்டேன். மேலே வந்தபோது உன் அம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். நீயும் எனக்காக நின்றவள்தான். உனக்கு ஞாபகம் இருக்காது.

வெயிட்டை எடுத்துப்போன பிறகு நான் தினமும் காலையில் கட்டிலில் உட்கார்ந்து தரையில் காலை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. என் காதில் ஒரு சத்தமும் விழாது, உனக்குத் தெரியும். இந்த வீட்டில் மனுஷர் இருக்கிறார்கள் என்று எனக்குக் காட்டினது அது ஒன்றுதான். சின்னவளும் போர்வையை விட்டு எழுந்திருக்கவில்லை. இவளை இப்படி விட்டால் இவளும் உன்னைப் போல ஆகிவிடுவாள் என்று பயந்தேன். ஆட்டோ பிடித்து மைசூர் மைன்ஸில் இருக்கும் கிரண் வீட்டுக்குப் போனேன். கிரணைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் ஏற்றச்சொன்னேன். ஆட்டோக்காரன் வண்டி உட்கார்ந்துவிடும் என்று முணுமுணுத்தான். முணுமுணுத்தது எனக்குக் கேட்கவில்லை, அதனால் ஏற்றி, வால்டர் வீட்டிலேயே கொண்டு வந்து இறக்கிவிட்டேன். இப்போது தரை ஆடினால் பிள்ளைகள் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். டீக்குத் தண்ணீர் வைக்கிறேன்.

இப்போது உன் சுகம். மூன்று பேருக்கு வீடு தாராளம் என்று எழுதியிருக்கிறாய். நான், வின்னி, நீ. சரி, டென்சில் எங்கே? ஒரு வருஷத்துக்கு மேலாக நீ எனக்கு எழுதின எதிலும் அவன் பேர் இல்லை. எனக்குக் காதுதான் கேட்காது. கண் நன்றாகத் தெரிகிறது.

நான் பூனாவுக்கு வரமாட்டேன். நீ டிக்கெட் போட்டிருக்கிறாய், வா. திரும்பிப் போகிற டிக்கெட்டைப் பற்றி வந்த பிறகு பேசுவோம்.

அப்பா

*

பூனா,
6 டிசம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் கடிதத்தை வார்டில் வைத்துப் படித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து படித்திருக்க வேண்டும்.

அவர் போன வருஷம் ஈஸ்டருக்கு முன்னாலேயே போய்விட்டார். நாசிக்கில் வேறு ஒருத்தியோடு இருக்கிறார். நான் கேட்டதற்கு, உன்னோடு இருந்தாலும் தனியாக இருப்பது மாதிரிதான் இருந்தது என்றார். அதற்குப் பிறகு நான் ஒன்றும் கேட்கவில்லை. உங்களுக்கு எழுத எத்தனையோ தடவை உட்கார்ந்தேன். எழுதினால் உண்மையாகிவிடும் என்று எழுதவில்லை.

நைட் டியூட்டி முடிந்து வந்து பூட்டைத் திறந்தால் நான் வைத்துவிட்டுப் போன டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். அப்படி ஒரு காலையில்தான் லவினா ஆன்ட்டி போன் செய்து, உன் தங்கச்சியைக் கூப்பிட வாசலில் ஆள் நிற்கிறது என்றார். எனக்கு வயிறு எரிந்தது அப்பா. தங்கை கெட்டுப்போகிறாள் என்று பயந்தேன் என்பதெல்லாம் பொய். எனக்கு இல்லாதது அவளுக்கு எப்படி வரலாம் என்றுதான் இருந்தது. அதனால்தான் அந்தக் கதவைப் பற்றி அப்படிச் சொன்னேன்.

நான் வரவில்லை. டிக்கெட்டைக் கேன்சல் செய்யப்போகிறேன். புருஷன் விட்டுப்போனவள் என்று லைன் முழுக்கப் பேச நான் வந்து நிற்க மாட்டேன். வின்னியின் முகத்தில் எப்படி முழிப்பேன்? நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். செருப்பில்லாமல் வெளியே போகாதீர்கள்.

ஸ்வீட்டி

*

ஊரிகம்,
11 டிசம்பர் 2024

ஸ்வீட்டிக்கு,

அப்பா உன் கடிதத்தைப் படித்துவிட்டு என்னிடம் கொடுத்தார். இனி உன் கடிதங்களை நான்தான் முதலில் படிப்பேன் என்று சண்டை போட்டிருக்கிறேன். அவருக்குக் கேட்காத மாதிரி இருக்கிறார். இருவரும் நலம். ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன், ஏனென்றால் நீ கேன்சல் செய்வதற்குள் இது உன் கையில் இருக்க வேண்டும்.

டென்சிலுக்கு இத்தனை மாதம் நான் ஸ்தோத்திரம் சொல்லி அனுப்பியதை எல்லாம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

உன் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. வயிறு எரிந்தது என்று நீ எழுதியதைப் படித்து அழுதேன், ஆனாலும் தீரவில்லை. உனக்கு வயிறு எரிந்ததற்குப் பவ்யாவின் அம்மா ஏன் அழ வேண்டும்? நீ வர வேண்டும். வந்து, என்னோடு பிரின்சிபால் ஆபீஸுக்கு வந்து, நான் சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும். அப்புறம் நந்திதுர்க்குக்குப் போய் பவ்யாவின் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதைச் செய்யாமல் பூனாவில் உட்கார்ந்துகொண்டு அழுவது உனக்கு ரொம்ப சௌகரியம். அந்த சௌகரியத்தை நான் உனக்குக் கொடுக்கமாட்டேன்.

லைன் பேசும். பேசட்டும். நான் அரை டிரவுசர் போட்டபோதே பேசி முடித்துவிட்டார்கள். லவினா ஆன்ட்டி ஏதாவது கேட்டால் பதில் சொல்ல நான் இருக்கிறேன்.

இங்கே ஒரு தகராறு. அப்பாவுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று கிரண் எங்கிருந்தோ தடித்த ரப்பர் பெல்ட் கொண்டு வந்து வால்டர் அங்கிள் வீட்டுத் தரையில் விரித்தான். மறுநாள் நாங்கள் தூக்கிக்கொண்டிருக்கும்போது அப்பா உள்ளே வந்தார். குனிந்து, தன் சுவர்ப்பக்கம் இருந்த ரப்பரைச் சுருட்டி வெளியே போட்டார். "இத விரிச்சா நீங்க வந்தது எனக்கு எப்பிடிடா தெரியும்?" என்றார். அதிலிருந்து சுவர்ப்பக்கம் வெறும் தரைதான். கனமான வெயிட்டை எல்லாம் அங்கேதான் போடுகிறோம்.

உன் நம்பரை அன்பிளாக் செய்துவிட்டேன். போன் செய்யாதே. நீ போனில் நன்றாகப் பொய் சொல்வாய். நேரில் வா.

23-ஆம் தேதி பங்காருப்பேட்டையில் இறங்கி, நம் ஊர் வண்டி பிடித்து ஊரிகத்துக்கு வா. கிளப்பில் சொல்லிவிட்டேன். பவ்யா, "எந்த வண்டி?" என்று மட்டும் கேட்டாள். எட்டுப் பேரும் ஸ்டேஷனுக்கு வருகிறோம். உன் மேல் பிரியம் வந்து அல்ல. அப்பாவும் அன்று பனியனோடு இல்லாமல் சட்டை போட்டுக்கொண்டு, செருப்பும் போட்டுக்கொண்டு வருகிறாராம்.

வண்டி லேட்டானாலும் நிற்போம். நீ வரவில்லை என்றால் அடுத்த வண்டிக்கும் நிற்போம். எல்லாரும் மேலே வந்தாச்சா என்று அப்பா என்னைத்தான் கேட்பார். நான் அவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

தீராத கோபத்துடன்,
உன் தங்கை வின்னி